வாசித்துக் காட்டாமல் கையெழுத்து இல்லை

(மண்ணரையில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். நம்ம குழுக் கூட்டம் முடியும்போது கடைசியா என்ன செய்வோம்? ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, இன்னைக்கு என்ன பேசினோம், யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை என்று எழுதினதை வாசித்துக் காட்டுவாங்க. எல்லோரும் கேட்டுட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் கையெழுத்து. கையெழுத்துத் தெரியாத பாட்டி கூட, "இன்னொருக்கா படி சாமி"ன்னு கேட்டுட்டுத்தான் கைநாட்டு வைக்கும். அப்படித்தானுங்களே?

இந்தப் பழக்கம் சின்ன விசயம் இல்லை. இன்னைக்கு நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான். ஆனா பேசப்போறது கடன் கணக்கு இல்லை. ஒரு ஊருக்குப் பெரிய தொழிற்சாலையோ, கழிவு மறுசுழற்சித் தொழில் பூங்காவோ வரும்போது அரசாங்கம் நடத்துகிற "பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்" பற்றி.

நான் செய்த தப்பு

சில வருசத்துக்கு முன்னாடி நான் வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் போன் வந்தது. "மேடம், மறுசுழற்சி ஆலை ஒண்ணு வருது. பெரிய அதிகாரிங்க எல்லாம் வர்றாங்க. மகளிர் குழுவில் இருந்து 50 பேர் வேணும். வேன் அனுப்பறோம், சாப்பாடு இருக்கு" என்றார்கள். அதிகாரிகள் வருகிற கூட்டம் என்றால் நம்ம குழுவும் கண்ணில் படும், நல்லதுதானே என்று நினைத்தேன். ரெண்டு வேன் நிறைய அனுப்பி வைத்தேன். பந்தல் வாசலில் ஒரு நோட்டு இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டாங்க. லெமன் சாதம் சாப்பிட்டாங்க. மைக்கில் யார் யாரோ பேசினாங்க. மதியம் வீட்டுக்கு வந்துட்டாங்க.

கொஞ்ச நாள் கழித்து, அந்த ஆலை வருகிற ஊரைச் சேர்ந்த ஒரு அக்கா என்னைத் தேடி வந்தாங்க. கையில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல். "ஏன் அம்மிணி, எங்க ஓடைக்குப் பக்கத்துல ஆலை வர்றதுக்கு உங்க குழுப் பொம்பளைங்க எல்லாம் வந்து சந்தோசம்னு சொன்னீங்களாமே?" என்று கேட்டாங்க. வாங்கிப் பார்த்தேன். மகளிர் சுய உதவிக் குழுவினர் திட்டத்தை வரவேற்றதாக ஒரு வரி இருந்தது. நம்மாள் ஒருத்தர் கூட அன்னைக்கு வாய் திறக்கவில்லை. வந்ததுக்குப் போட்ட கையெழுத்து, சம்மதத்துக்குப் போட்டதா ஆகிப்போச்சு.

இதை யார் மேலயும் பழி போடுவதற்குச் சொல்லவில்லை. வேன் அனுப்பியது நான். சமூகப்பணி படித்தவள், எனக்கே அந்தக் கூட்டம் எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை. அந்த அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்து நின்ற பிறகுதான் சட்டத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். படித்ததை இன்னைக்கு உங்ககிட்டச் சொல்கிறேன்.

அது என்ன கூட்டம்?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. அதன் கீழ் 2006 செப்டம்பர் 14-ம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. அதற்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்று பெயர். இதன்படி, பட்டியலில் உள்ள பெரிய திட்டங்கள் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே, "இதனால் நிலம், தண்ணீர், காற்று, மக்கள் எல்லாம் என்ன ஆகும்?" என்று ஆராய்ந்து அறிக்கை தயாரிக்க வேண்டும். அதன் பிறகு பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். சுரங்கம், அனல்மின் நிலையம், அபாயகரமான கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கிற இடம், பெரிய தொழில் பூங்கா போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எல்லாப் பூங்காவும் வராது. அதன் பரப்பளவையும், உள்ளே என்ன தொழில் வரப்போகிறது என்பதையும் பொறுத்தது.

கூட்டத்துக்கான விதிகளை நம்ம தீர்மானப் புத்தகத்தோட பொருத்திப் பார்த்தால் சுலபமா மனசில் நிற்கும்.

அறிவிப்பு: நம்ம கூட்டத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறோம் இல்லையா? அதுபோல மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று நம்ம மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். மக்கள் கருத்துச் சொல்ல 30 நாளுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும்.

அறிக்கை: வரைவு அறிக்கையையும், அதன் சுருக்கத்தைத் தமிழிலும் கலெக்டர் ஆபீஸ், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். "நீங்க யாரு, எதுக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

இடம்: திட்டம் வருகிற இடத்திலோ, அதற்குப் பக்கத்திலோதான் கூட்டம். கலெக்டர், அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி தலைமை வகிக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும்.

பேச்சு: வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கவும், விளக்கம் கேட்கவும் வாய்ப்புத் தர வேண்டும். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் எழுதியும் கொடுக்கலாம்.

கடைசியாக ரொம்ப முக்கியமானது: கூட்டம் முடியும்போது, மக்கள் சொன்ன கருத்துக்களின் சுருக்கத்தை அங்கேயே, மக்களுடைய மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் குறிப்பில் கையெழுத்து. நம்ம தீர்மானப் புத்தகத்தில் எந்த வழக்கமோ, அதேதான் அங்கே சட்டம்.

நான் அனுப்பின வேனில் போன 50 பேரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிட்டாங்க. வாசித்துக் காட்டும்போது அங்கே இருந்திருந்தால், ஒருத்தராவது எழுந்து, "நாங்க அப்படிச் சொல்லலைங்களே" என்று சொல்லியிருக்கலாம். அந்த வரி குறிப்பில் ஏறியிருக்காது.

வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது தப்பு இல்லை. வந்தவர்கள் பெயரைக் குறிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனா வருகை வேறு, சம்மதம் வேறு. பெயருக்குப் பக்கத்தில், "கேட்க வந்தேன்" என்று ரெண்டு வார்த்தை எழுதினால் கூடப் போதும்.

முன்னாடியே கேட்காததுக்கு நாம கொடுத்த விலை

"ஆலை வரட்டும், தப்பு நடந்தா அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சிலர் சொல்வாங்க. அப்புறம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். நம்ம நொய்யல் இருக்கிறது.

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோட சேருகிற ஆறு. இங்கே இருக்கிற பெரியவங்களைக் கேளுங்க, அதில் குளித்ததைச் சொல்வாங்க, குடித்ததைச் சொல்வாங்க. பனியன் தொழில் வளர்ந்தது. சாயப்பட்டறைகள் பெருகின. துணியில் சாயம் ஏற உப்புப் போடணும். சாயம் ஏறினதும் அந்த உப்பு முழுசும் கழிவுத் தண்ணியில் வந்துவிடும். 1990-களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நம்ம மண்ணரை பேரிலும் ஒண்ணு உண்டு. ஆனா அந்த நிலையங்கள் அன்னைக்கு நிறத்தைக் குறைத்ததே தவிர, கரைந்த உப்பை எடுக்கவில்லை. தண்ணி பார்க்கத் தெளிவா இருந்தது, வாயில் வைத்தால் உப்பு.

1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டினாங்க. ஊருக்குச் சோறு போடும் என்று நினைத்த அணை, சாயத் தண்ணி தேங்குகிற தொட்டி ஆனது. அணை நிறைந்தால் சந்தோசப்பட வேண்டிய விவசாயி, "அந்தத் தண்ணியைத் தேக்காதீங்க" என்று போராட வேண்டிய நிலை வந்தது. கிணறு கெட்டது. தென்னை காய்ந்தது. ஆடு மாடு குடிக்க வழியில்லை.

விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்றார்கள். அப்படியும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி, எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

அந்த மாசங்கள் உங்களில் பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனியில் துணி இல்லை, ஓவர்லாக் மெசின் நின்னது, கைமடிப்பு, பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போனவங்க வீட்டில் உட்கார்ந்தாங்க. குழுத் தவணை கட்ட முடியாமல் தோடு அடகுக்குப் போச்சு. சொந்த ஊருக்கே திரும்பிப் போன குடும்பங்கள் எத்தனை!

ஆக, முதலில் விவசாயி வீட்டு அடுப்பு அணைந்தது, அப்புறம் தொழிலாளி வீட்டு அடுப்பு அணைந்தது. பட்டறை வரும்போதே, "உப்பு எங்கே போகும்?" என்று கேட்டு, அதற்கு வழி செய்திருந்தால், ரெண்டு அடுப்பும் எரிந்திருக்கும். இன்னைக்குச் சாயத் தண்ணியைச் சவ்வு வழியாகச் சுத்தம் செய்து, காய்ச்சி, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுக்கிற முறை இங்கே வந்திருக்கிறது. அதே தொழில்தான், அதே ஊர்தான். கேள்வி முன்னாடியே எழுந்திருந்தால் இந்த வேலையை முன்னாடியே செய்திருப்பாங்க.

பிளாச்சிமடையில் கொடுத்த "உரம்"

இப்ப இன்னொரு ஊர். பொள்ளாச்சி தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை. இரவாளர், மலசர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிற பகுதி. நம்ம மாதிரியே கூலி வேலைக்குப் போகிற ஜனங்க. 2000-ம் வருசம் அங்கே கொக்கோ கோலா கம்பெனி குளிர்பான ஆலை ஆரம்பித்தது. கொஞ்ச காலத்தில் சுற்றியுள்ள கிணத்துத் தண்ணி ருசி மாறியது. சோறு வேகவில்லை, குளித்தால் அரிப்பு என்று முதலில் கண்டுபிடித்தது யாரு? பொம்பளைங்கதான். தண்ணிக்குக் குடத்தோட தூரம் போக வேண்டி வந்ததும் அவங்கதான்.

ஆலையில் மிஞ்சின சேற்றுக் கழிவை என்ன செய்தாங்க தெரியுமா? உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. 2003-ல் பிபிசி வானொலி அந்த "உரத்தை" எடுத்துச் சோதிக்க வைத்தது. காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பது தெரிந்தது. கழிவுக்குப் பெயரை மாற்றி, மறுபடி பயன்படுகிற பொருள் என்று நம்ம தலையிலேயே கட்டலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2002 ஏப்ரல் 22-ம் தேதி ஆலை வாசலில் போராட்டப் பந்தல் போட்டாங்க. முன்னால் நின்றவர் மயிலம்மா என்ற இரவாளர் பெண். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர். 2003-ல் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார்.

ஜெயித்தாங்க, சரி. ஆனா போன தண்ணி? 2010-ல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குச் சொன்னது. அதை வாங்கிக் கொடுக்கத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பாயம் வரவே இல்லை. பின்னாடி கேட்கிற நியாயம் இப்படித்தான் இழுக்கும்.

முன்னாடியே கேட்ட ஊர்

முன்னாடியே கேட்டால் என்ன நடக்கும்? ஒடிசாவில் நியமகிரி என்று ஒரு மலை. டோங்ரியா கோந்த் என்ற பழங்குடி மக்களுக்கு அந்த மலைதான் சாமி. அங்கே அலுமினியத்துக்கான பாக்சைட் வெட்ட வேதாந்தா கம்பெனியின் ஆலைக்காகத் திட்டம் வந்தது. 2013 ஏப்ரல் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம், அந்த மக்களுடைய கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. அந்த வருசம் ஜூலை, ஆகஸ்டில் 12 கிராமங்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் கண்காணிக்க, ஊர் ஊராக மக்கள் எழுந்து பேசினாங்க. 12 ஊரும் வேண்டாம் என்றது. அடுத்த வருசமே மத்திய அரசு அனுமதி மறுத்தது. மலை இன்னும் நிற்கிறது.

பழங்குடி மக்களுக்கு அந்தப் பலம் 2006-ம் வருச வன உரிமைச் சட்டத்தில் இருந்து வந்தது. அவங்க அனுபவிக்கிற வன நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும்போது கிராம சபையைக் கேட்க வேண்டும். நம்ம மாவட்டத்திலேயே உடுமலைக்கு மேலே மலைக் கிராமங்களில் பழங்குடி மக்கள் இருக்காங்க. அவங்க ஊர்க் குழுக்களும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

சமவெளியில் இருக்கிற நமக்கு நிலைமை வேறு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கருத்துக் கேட்புக் கூட்டம் ஓட்டெடுப்பு இல்லை. நூறு பேர் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்காதீங்க. அப்படியானால் எதற்குப் போகணும்? நாம கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் கம்பெனி இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும். நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். மக்கள் எழுப்பிய ஆட்சேபணையை ஏன் ஏற்கவில்லை என்று நிபுணர் குழு காரணம் சொல்ல வேண்டும் என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கோவா சுரங்க வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அதனால் கோஷம் காற்றில் போகும், கேள்வி காகிதத்தில் நிற்கும். நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போனாலும் அந்தக் காகிதம்தான் நமக்குச் சாட்சி.

மறுசுழற்சிப் பூங்கா என்றால் என்ன கேட்பது?

மறுசுழற்சி நல்ல வார்த்தை. நல்ல வேலையும்தான். நம்ம ஊர் பனியன் வேஸ்ட், கட்டிங் வேஸ்ட் எல்லாம் மறுபடி நூலாகி எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது! மறுசுழற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனா நெல்லைக் குத்தினால் அரிசியும் வரும், உமியும் வரும். பழைய பொருளில் இருந்து நல்லதை எடுத்தால், கெட்டது ஒரு பக்கம் சேரும். உப்பையும் தண்ணியையும் திரும்ப எடுக்கிற நம்ம சுத்திகரிப்பு நிலையங்களிலேயே, கடைசியில் சேற்றுக் கழிவும், பயன்படாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாக மிஞ்சத்தான் செய்கிறது. பேட்டரி உடைத்தால் ஈயமும் அமிலமும். பழைய கம்ப்யூட்டர், செல்போன் பிரித்தால் ஈயம், காட்மியம், பாதரசம். பிளாஸ்டிக் கழுவினால் அழுக்குத் தண்ணி. துணிக் கழிவு அரைத்தால் பஞ்சுத் தூசி. ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வேலைக்குப் போன அம்மாவின் சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வரும்.

அதனால் இந்தக் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்க.

1. என்னென்ன கழிவு, எந்த ஊர்களில் இருந்து, ஒரு நாளைக்கு எத்தனை டன் வரும்?

2. நல்லதை எடுத்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு? அது எங்கே போகும்? எவ்வளவு நாள் இங்கேயே அடுக்கி வைப்பீங்க? மழை பெய்தால் மூட்டை நனையாதா?

3. தண்ணி எங்கே இருந்து எடுப்பீங்க? போர் போட்டா எத்தனை அடி? பக்கத்துக் கிணறுகளை வேலை தொடங்குவதற்கு முன்னாடியே சோதித்து, அந்த அளவை எங்களுக்கு எழுதித் தருவீங்களா? (குடிதண்ணியில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. இன்றைய அளவு கையில் இருந்தால்தான் நாளைக்குக் கெட்டது என்று நிரூபிக்க முடியும்.)

4. அறிக்கையில் எங்க ஊர் ஓடை, குளம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மேய்ச்சல் நிலம் எல்லாம் வந்திருக்கா? (வரைபடத்தை நீங்களே பாருங்க. நம்ம மூளிக்குளம் போல ஒரு குளம் விட்டுப் போயிருந்தால் நமக்குத்தான் தெரியும். வெளியூரில் இருந்து வந்து எழுதுகிறவருக்குத் தெரியாது.)

5. பெண்களுக்கு வேலை என்கிறீங்க. என்ன வேலை? கையால் பிரிக்கிற வேலையா? நிரந்தரமா, காண்ட்ராக்டா? கையுறை, முகக்கவசம், குளிக்க இடம், இ.எஸ்.ஐ. உண்டா? கர்ப்பிணிகளுக்கு என்ன ஏற்பாடு?

6. நிபந்தனையை மீறினால் யாரிடம் புகார் செய்யணும்? எத்தனை நாளில் பதில் வரும்?

இதில் இன்னொன்றும் கவனிக்கணும். முறையாக அனுமதி பெற்ற தொழில் பூங்காவுக்குள் பிற்பாடு வருகிற ஒவ்வொரு தனி ஆலைக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தத் தேவையில்லை என்று 2006 அறிவிக்கையில் விலக்கு இருக்கிறது. பூங்காவுக்கு நடக்கிற ஒரே கூட்டம்தான் உள்ளே வரப்போகிற அத்தனைக்கும் கூட்டம். அன்னைக்கு விட்டால் விட்டதுதான்.

"வேலை வேண்டாமா மேடம்?"

போன வாரம் ஒரு குழுவில் இதைப் பேசியபோது ஒரு தங்கச்சி கேட்டா: "மேடம், எங்களுக்குக் கம்பெனி வேலைதான் சோறு. நாங்க போய் எதிர்த்து நின்னா நாளைக்கு வேலை யாரு தருவா?" நியாயமான கேள்வி. அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கேள்வி கேட்பது எதிர்ப்பு இல்லை. நம்ம குழுவில் ஒரு அக்கா கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால், "மாடு எத்தனை லிட்டர் கறக்கும், தீவனம் எங்கே, நோய் வந்தா என்ன செய்வே?" என்று நாம கேட்கிறோம். அந்த அக்காவுக்கு எதிரி என்றா கேட்கிறோம்? கடன் திரும்பி வரணும், அந்தக் குடும்பமும் நல்லா இருக்கணும் என்றுதானே! பத்தாயிரம் ரூபாய்க்கு அத்தனை கேள்வி கேட்கிற நாம, ஊருத் தண்ணிக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? 2011-ல் வேலை போனது யாரோ கேள்வி கேட்டதால் இல்லை, கேட்க வேண்டிய காலத்தில் கேட்காததால்.

நாம செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேரைத் தேர்ந்தெடுங்க. பத்திரிகையில் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய விளம்பரம் வந்தால் வெட்டி வைத்து, கூட்டமைப்புக்குத் தகவல் சொல்வது அவங்க வேலை. தகவல் வந்ததும் நாலைந்து பேராகப் போய்த் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கணும். தமிழில் இல்லை என்றால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதிக் கொடுக்கணும்.

கிராமத்தில் இருக்கிறவங்க கிராம சபையை விடாதீங்க. 2022-ல் இருந்து நம்ம மாநிலத்தில் வருசத்துக்கு 6 கிராம சபை. மண்ணரை 2011-ல் மாநகராட்சியோட சேர்ந்ததால் இங்கே கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாக 2022-ல் இருந்து பகுதி சபை வந்திருக்கிறது. அங்கே போய்ப் பேசலாம்.

கூட்டத்துக்குப் போகிற அன்னைக்கு நம்ம செலவில், நம்ம பஸ்ஸில் போகணும். அடுத்தவங்க வேனில் ஏறினால் இறங்குகிற இடத்தையும் பேசுகிற பேச்சையும் அவங்கதான் முடிவு செய்வாங்க. கேள்வியை எழுதிக்கொண்டு போய் ரெண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, குறிப்பை வாசித்துக் காட்டுகிற வரைக்கும் யாரும் எழுந்து வரக் கூடாது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் ஆகும், தெரியும். அதற்காகத்தான் குழு. நாலு பேர் வீட்டுக்குப் போய் எல்லோர் பிள்ளைகளையும் பாருங்க, மற்றவங்க கடைசி வரை உட்காருங்க.

இந்தக் கூட்டமைப்பின் சார்பில் இன்றைய தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். இனிமேல் எந்தக் கூட்டத்துக்கும், யார் கேட்டாலும், நான் கேட்டாலும் சரி, எதற்கு என்று தெரியாமல் ஆள் அனுப்ப மாட்டோம் என்று எழுதுங்க. எழுதியதை ஊக்குநர் அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கட்டும். பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுங்க. முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

அன்னைக்கு என்னைத் தேடி வந்த அந்த அக்காவுக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இதுதான்.